டைட்டானியம் பிரேம்: உலோகத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இணைப்பிதழில் ரோடு சைக்கிள்களைப் பற்றி வந்த கட்டுரை டைட்டானியம் பிரேமை மூன்றே சொற்களில் முடித்துவிட்டது: லேசானது, குலுங்காதது, ஆயுளுக்கும் உழைப்பது. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் ஒருவர் தன் அளவுக்கு பிரேம் கட்டச் சொல்லிவிட்டால், பெருந்தொகை கைமாறிய பிறகுதான் அது தெரியவரும். பிரேம் கட்டுகிறவர்களும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் முதலில் விழுவது எண்கள்தான். எண்கள் போனால் இந்தக் கடிதத்தில் ஒன்றும் மிஞ்சாது.

எடையிலிருந்து தொடங்குகிறோம். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் சுமார் 4.5 கிராம். எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எஃகோடு ஒப்பிட்டால் டைட்டானியத்தின் எடை 57 சதவீதம்தான். ஆனால் அதன் விறைப்பும் எஃகில் ஏறத்தாழ பாதிதான். எஃகுக் குழாயின் அதே விட்டத்தில், அதே தடிமனில் டைட்டானியக் குழாயைப் போட்டால் பிரேம் லேசாக இருக்கும், மிதிக்கும்போது துவளும். 1970களின் நடுவில் டெலிடைன் நிறுவனம் 'டைட்டன்' என்ற பெயரில் விற்ற பிரேம்கள் கலப்பில்லாத டைட்டானியத்தில் செய்யப்பட்டவை. அவை துவண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 1980களின் பிற்பகுதியில் மெர்லின் போன்ற நிறுவனங்கள், விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்க்கென உருவான கலவையை எடுத்துக்கொண்டு விட்டத்தைக் கூட்டிய பிறகுதான் டைட்டானியம் சைக்கிளுக்கு ஏற்ற உலோகமானது. 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த அந்தக் கலவைக்கு கிரேடு 9 என்று பெயர். இன்றும் நல்ல பிரேம்களின் குழாய்கள் பெரும்பாலும் அதுதான். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கொண்ட கிரேடு 5 இன்னும் வலுவானது. ஆனால் அதைக் குழாயாக இழுப்பது கடினம். அதனால் அச்சு உட்காரும் டிராப்அவுட் போன்ற கடைந்தெடுக்கும் பாகங்களுக்கே அது அதிகம் பயன்படுகிறது. 'கிரேடு 5 பிரேம்' என்று விளம்பரம் சொன்னால் எந்தெந்தப் பாகம் கிரேடு 5 என்று எழுதி வாங்குங்கள்.

விட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? மெல்லிய குழாயின் வளைவு விறைப்பு, தடிமனோடு நேர்விகிதத்திலும் விட்டத்தோடு மும்மடியிலும் ஏறும். விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். பழைய எஃகு பிரேமின் 28.6 மி.மீ. கீழ்க்குழாய்க்கு ஈடான விறைப்பு வேண்டுமென்றால், அதே தடிமனில் டைட்டானியக் குழாய் 36 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதும் எடை எஃகைவிட கால் பங்குக்கு மேல் குறைவாகவே நிற்கும். அதற்காக விட்டத்தைக் கூட்டிக்கொண்டே, தடிமனைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. விட்டம் தடிமனைப் போல் 50 மடங்கைத் தாண்டினால் குழாய்ச் சுவர் எளிதில் நசுங்கும். 44 மி.மீ. குழாய்க்கு 0.9 மி.மீ. தடிமன் என்பது அந்த எல்லையை ஒட்டி நிற்பது. 60 கிலோ எடையுள்ளவருக்கும் 95 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே குழாய்ப் பட்டியலில் பிரேம் கட்டினால் அதைச் சொந்த அளவு பிரேம் என்று சொல்ல முடியாது. நீளம் மட்டும் மாற்றிய பொது பிரேம் அது.

குலுக்கத்தைப் பற்றிய பாராட்டுக்கும் ஒரு திருத்தம் வேண்டும். பின்சக்கரத்தைப் பிடிக்கும் பின் முக்கோணம் செங்குத்தாக வளைவது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். டயரோ ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட், 27.2 மி.மீ. விட்டத்தில், 200 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் நன்றாக வளைந்து கொடுக்கும். ஆகவே சுகமான ஓட்டம் வேண்டுவோர் முதலில் 30 அல்லது 32 மி.மீ. டயர் நுழையும் இடைவெளியை வரைபடத்தில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து சீட் போஸ்ட் விட்டம். உலோகம் மூன்றாவது. டயருக்கு இருபுறமும் குறைந்தது 5 மி.மீ. இடம் இருக்கட்டும். அந்த இடத்துக்காக பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் செயின் ஸ்டே குழாயை பெரிய பல்சக்கரத்தின் அருகில் நசுக்கியோ வளைத்தோதான் ஆக வேண்டும். அங்கே எப்படி இடம் எடுக்கிறார்கள் என்பதில் பட்டறையின் திறமை தெரியும்.

இனி அளவுகள். பிரேமைப் பற்றிப் பேசும் முன் உட்காரும் நிலை முடிவாக வேண்டும். வசதியாக ஓட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் ஒன்று இருந்தால் அதிலிருந்தே நான்கு எண்களை எடுக்கலாம். பெடல்களின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கடைகளில் சொல்வதுபோல் பி.பி. என்றே எழுதுகிறோம். பி.பி. மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை உள்ள உயரம், பி.பி. மையத்துக்கு நேர் மேலிருந்து சீட் மூக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது. ஹேண்டில்பார் மையம் பி.பி.யிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பவை. சைக்கிளை ரசமட்டம் வைத்துச் சமதளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்தால் போதும். ஓட்டுபவருக்கு முதுகுவலியோ முழங்கால் வலியோ இருந்தால் அந்த எண்களை அப்படியே புது பிரேமுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஃபிட்டிங் தெரிந்தவரிடம் அதைச் சரிசெய்து, சில வாரங்கள் அதிலேயே ஓட்டி உறுதிசெய்துகொண்ட பிறகு அளக்க வேண்டும்.

அந்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதுதான் பிரேம் வடிவமைப்பு. ஓர் உதாரணம். ஹேண்டில்பார் மையம் பி.பி.யிலிருந்து 640 மி.மீ. உயரத்திலும் 470 மி.மீ. முன்னாலும் வர வேண்டும். ஹேண்டில்பாரை ஃபோர்க் தண்டோடு இணைக்கும் ஸ்டெம் 100 மி.மீ., மைனஸ் 6 டிகிரி. ஃபோர்க் தண்டு நுழையும் ஹெட் குழாயின் சாய்வான ஹெட் கோணம் 73 டிகிரி. அந்த ஸ்டெம் ஹேண்டில்பாரை 19 மி.மீ. உயர்த்தி 98 மி.மீ. முன்னே தள்ளும். ஹெட் குழாயின் பேரிங் தொகுப்பான ஹெட்செட்டின் மூடி 15, இடைவளையமான ஸ்பேசர் 10, ஸ்டெம்மின் பாதி உயரம் 20 எனச் சாய்வாக ஏறும் 45 மி.மீ., உயரத்தில் 43 தரும், 13 மி.மீ. பின்னே இழுக்கும். ஆகவே பி.பி. மையத்திலிருந்து ஹெட் குழாயின் மேல்முனை வரை உள்ள உயரமான ஸ்டாக் 578, முன்தூரமான ரீச் 385. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டறை அனுப்பும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஹெட்செட் மூடியின் உயரத்தையோ ஸ்டெம் கோணத்தையோ யாராவது விட்டிருப்பார்கள்.

சீட் குழாயின் கோணத்தில் 1 டிகிரி என்பது 700 மி.மீ. உயரத்தில் சீட்டை 12 மி.மீ. நகர்த்திவிடும். சீட் கம்பிகளின் நடுப்பகுதியில் கிளாம்ப் பிடிக்கும்படி கோணத்தைத் தேர்ந்தெடுத்தால், பின்னாளில் வேறு சீட் வாங்கினாலும் முன்பின் நகர்த்த இடம் இருக்கும். கம்பியின் விளிம்பில் பிடிக்கும்படி கட்டிய பிரேமில் அந்த வசதி கிடையாது.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் எது என்று முடிவாகாமல் யாரும் வரைபடத்தில் கையெழுத்திடக் கூடாது. டைட்டானிய பிரேமுக்குப் பெரும்பாலும் கார்பன் ஃபோர்க்கைத்தான் போடுகிறோம். அதன் அச்சு முதல் தலைப்பகுதி வரையுள்ள நீளமும், அச்சு எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்னும் ரேக் அளவும் கையில் இருக்க வேண்டும். கணக்கிட்டதைவிட 10 மி.மீ. நீளமான ஃபோர்க்கைப் பின்னால் மாற்றிப் போட்டால் ஹெட் கோணம் அரை டிகிரிக்கு மேல் படுத்துவிடும். ஹேண்டில்பார் திரும்பும் குணத்தைத் தீர்மானிப்பது டிரெயில்: ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம். 28 மி.மீ. டயரோடு சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ. என்று கொண்டால், 73 டிகிரி ஹெட் கோணத்துக்கும் 45 மி.மீ. ரேக்குக்கும் டிரெயில் 57 மி.மீ. வரும். ரோடு சைக்கிளுக்கு இது நல்ல நடுநிலை. பெடல் முன்னிருக்கும்போது ஷூ நுனி முன் டயரில் இடிக்காமலிருக்க, சிறிய பிரேம்களில் ஹெட் கோணத்தை 72 ஆக்குவது வழக்கம். ரேக்கை மாற்றாமல் விட்டால் டிரெயில் 63 ஆகி, மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாயும். 50 மி.மீ. ரேக் ஃபோர்க் போட்டால் டிரெயில் 58க்குத் திரும்பும். உயரம் குறைந்தவர்கள், அதிலும் பெண்கள் பலர், சைக்கிள் 'கனமாகத் திரும்புகிறது' என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பார்க்கிறோம். உடல் உயரத்துக்கேற்ப குழாய்களைச் சுருக்கிவிட்டு, எல்லாருக்கும் ஒரே ஃபோர்க்கைப் போடும் வழக்கம் நிற்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. டிஸ்க் பிரேக் என்றால் பின் அச்சு 142 மி.மீ. அகலம், 12 மி.மீ. விட்டம், முன்னால் 100க்கு 12. செயின் ஸ்டே 410 முதல் 420 மி.மீ. வரை. சக்கர அச்சுகளின் கோட்டுக்குக் கீழே பி.பி. இறங்கியிருக்கும் தாழ்வு 70 முதல் 75 வரை. பி.பி.க்கு மரை போட்ட கூடே நல்லது. அழுத்திச் செருகும் வகை டைட்டானிய பிரேமுக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெல்டிங் சூட்டில் கூடு நூலளவு கோணினாலும் செருகிய பேரிங் கிறீச்சிடத் தொடங்கும். மரை போட்ட கூட்டை வெல்டிங்குக்குப் பின் மறுபடி மரை ஓட்டி, முகம் சீவி நேராக்கலாம். பழைய 68 மி.மீ. பி.எஸ்.ஏ. கூடும் சரி, பெரிய அச்சுக்கு இடம் தரும் டி47 கூடும் சரி.

இப்போது கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத வெல்டிங்குக்கு வருகிறோம். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது சாதாரண வெப்பத்தில் உண்மை. சுமார் 430 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதே உலோகம் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். டைட்டானியம் உருகுவது 1668 டிகிரியில். ஆக, உருகிய குழம்புக்கு மட்டும் ஆர்கான் போர்வை போதாது. வெல்டிங் கோட்டின் இருபுறமும் சூடாக இருக்கும் பகுதிக்கும், குழாயின் உட்புறத்துக்கும், அவை ஆறும்வரை ஆர்கான் வேண்டும். உள்ளே காற்று நின்றுவிட்டால் வெளியே எவ்வளவு அழகான செதில் வரிசை தெரிந்தாலும் அந்த மூட்டு உள்ளிருந்து விரிசல் விடும்.

நல்ல பட்டறையில் என்ன நடக்கிறது? குழாய் முனைகளை வளைவாக வெட்டி ஒன்றோடொன்று பொருத்தும்போது இடைவெளி வழியாக வெளிச்சம் தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் அதை நிரப்ப அதிக உலோகம், அதிக சூடு. ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி பிரேமை இழுக்கும். பொருத்திய பின் பிசிறு நீக்கி, டைட்டானியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்கள் கூடவே கூடாது. துடைத்த பிறகு வெறுங்கை படக் கூடாது. விரல் எண்ணெயே வெல்டிங்கைக் கெடுக்கும். குழாய்கள் ஒன்றுசேரும் இடங்களில் உள்ளே சிறு துளைகள் இருக்கும். ஒரு முனையில் விட்ட ஆர்கான் அவற்றின் வழியே பிரேம் முழுக்க ஓடி மறுமுனையில் வெளியேறும். உள்ளிருக்கும் காற்று முழுதாக மாறுமளவு பல மடங்கு வாயு ஓடிய பிறகே முதல் பொறி. வெளியேறும் துளை அடைத்துக்கொண்டால் உள் அழுத்தம் ஏறி உருகிய குழம்பை வெளியே ஊதிவிடும். வெல்டிங் டார்ச்சில் அகன்ற கண்ணாடிக் கப். பொறியை நிறுத்திய பிறகும் சில விநாடிகள் டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். நிரப்புக்கம்பியின் சூடான நுனி வாயுவுக்கு வெளியே வந்துவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தொடர வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் உடனே எதுவும் உடையாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உடையும்.

வெல்டிங் சரியா என்பதை நிறம் சொல்லும். பளபளக்கும் வெள்ளி நிறம் என்றால் பாதுகாப்பு முழுமை. வைக்கோல் நிறம் என்றால் சற்றே குறைவு, ஏற்கலாம். நீலமும் ஊதாவும் சந்தேகத்துக்குரியவை. சாம்பல் அல்லது வெண்பொடி படிந்திருந்தால் மூட்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஆனால் மணல் ஊதி மெருகேற்றிய பிரேமில் நிறம் மறைந்துவிடும். அதனால்தான் மெருகேற்றும் முன் எல்லா மூட்டுகளின் படங்களையும் ஒப்பந்தத்திலேயே கேட்கச் சொல்கிறோம். பி.பி. கூட்டின் வழியே சிறு எண்டோஸ்கோப் கேமராவை விட்டால் உட்புறத்தைப் பார்க்கலாம். அங்கும் வெள்ளி நிறமே இருக்க வேண்டும். ஒரே சுற்றில் வெல்டிங் முடிப்பவர்களும் உண்டு, முதல் சுற்றில் கம்பியில்லாமல் உருக்கி இரண்டாம் சுற்றில் கம்பி சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டிலும் நல்ல பிரேம்கள் வருகின்றன. சுற்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு தரம் பிரிப்பது தேவையற்றது.

எஃகு பிரேம் கோணினால் மேசையில் வைத்து வளைத்து நேராக்கலாம். டைட்டானியம் அப்படி வளையாது; வளைத்த அளவுக்கு அப்படியே திரும்பி நிமிரும், அதிகம் வளைத்தால் வெல்டிங் ஓரம் வதைபடும். எனவே பிரேம் கோணாமல் நேராக இருப்பது, வெல்டிங் வரிசையிலேயே கிடைக்க வேண்டும்: நான்கு புள்ளிகளில் டாக் எனும் சிறு வெல்டிங் பொட்டு வைத்து, எதிரெதிர்க் கால்வட்டங்களாக மாறி மாறிப் பற்றவைத்து, இடையிடையே அளந்து பார்க்க வேண்டும். பிரேம் வீட்டுக்கு வந்ததும் வாங்கியவரே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். பிறகு சரியாக மையப்படுத்திய சக்கரத்தைப் போட்டு, செயின் ஸ்டேக்களுக்கு நடுவிலும் பின் அச்சிலிருந்து சீட் குழாய்க்கு ஏறும் சீட் ஸ்டேக்களுக்கு நடுவிலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

வெல்டிங்குக்குப் பின் கடைசல் வேலை. ஹெட் குழாய், சீட் குழாய், பி.பி., பிரேக் உட்காரும் முகங்கள் எல்லாவற்றையும் மறுபடி சீவ வேண்டும். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு பெரும்பாலும் வெட்டும் முனையிலேயே தங்கும். மெதுவான சுழற்சி, கூரான முனை, தாராளமான எண்ணெய் இல்லாவிட்டால் கருவியும் உலோகமும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சீவிய துகள்கள் தீப்பற்றக் கூடியவை. எரியும் துகளில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர் மணல் போட வேண்டும். இந்த வேலையில் இறங்க நினைக்கும் சிறு பட்டறைகள் இதை மறக்கக் கூடாது.

நிறத்தைப் பற்றிக் கட்டுரை நிறைய எழுதியிருந்தது. அனோடைசிங்கில் சாயம் எதுவும் இல்லை. மின்னழுத்தம் கூடக்கூட மேற்பரப்பு ஆக்சைடு படலம் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. 30 வோல்ட் அருகில் இளநீலம், 60 அருகில் பொன்மஞ்சள், 100 அருகில் பச்சை. கீறினால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. தேய்த்த மெருகு மட்டும் உள்ள பிரேமில் கீறலை ஸ்காட்ச்பிரைட் துணியால் அதே திசையில் தேய்த்தால் மறைந்துவிடும். தினமும் ஓட்டுபவருக்கு எங்கள் பரிந்துரை இதுவே.

பாகங்களைப் பூட்டும்போது டைட்டானியத்துக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, டைட்டானிய மரையில் டைட்டானிய போல்ட்டை உலர்வாக முடுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மரை கிழியும். இன்னொன்று, வியர்வையும் மழைநீரும் படும்போது டைட்டானியத்தைத் தொடும் அலுமினியம் அரித்து வீங்கும், பி.பி. கப்பும் சீட் போஸ்ட்டும் சிறைப்பட்டுப்போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு மரையிலும் ஒவ்வொரு தொடுமுகத்திலும் செம்புத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் பசை. கார்பன் சீட் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் கூடாது, மணல்துகள் கலந்த கார்பன் பேஸ்ட். மாதங்கள் சில ஆனதும் போஸ்ட்டை வெளியே உருவித் துடைத்துப் புதுப் பசை தடவ வேண்டும். போஸ்ட்டின் கீழ்முனை மேல்குழாய் மூட்டைத் தாண்டிக் குறைந்தது 20 மி.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவரின் எடை முழுவதும் சீட் குழாயின் பிளவு முனையில் விழும். அந்தப் பிளவின் அடியில் வட்டத்துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். துளையில்லாத பிளவு விரிசலுக்குத் தொடக்கம்.

முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்தச் சைக்கிளைப் பூட்டாதீர்கள். பி.எஸ்.ஏ. கப்புக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். செயின் பக்கக் கப் இடது மரை, எதிர்த்திசையில் முடுக்க வேண்டும். பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டின் பூட்டு வளையத்துக்கு 40. ஷிமானோ வகை கிராங்க் போல்ட்டுக்கு 12 முதல் 14. ஸ்டெம்முக்கும் சீட் கிளாம்ப்புக்கும் பொதுவாக 5. பாகத்தின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே இறுதி. கார்பன் ஃபோர்க் தண்டை முதல் தடவையிலேயே சரியான நீளத்துக்கு வெட்டாமல் 15 மி.மீ. கூடுதலாக விட்டு, ஸ்டெம்மின் மேல் ஸ்பேசர் வைத்துச் சில வாரங்கள் ஓட்டுங்கள். உயரம் பழகிய பின் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. கடைசி வெட்டிலும் ஸ்டெம்மின் மேல் ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் இருக்கட்டும். அப்போதுதான் ஸ்டெம் முழு உயரமும் தண்டைப் பிடிக்கும். வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம். ஒர்க்‌ஷாப் ஸ்டாண்டில் ஒருபோதும் குழாயைக் கவ்வ விடாதீர்கள். சீட் போஸ்ட்டைப் பிடிக்கட்டும்.

ஓட்டத் தொடங்கும் முன் டிஸ்க் பிரேக்கைப் பழக்க வேண்டும்: 30 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், ஒவ்வொரு பிரேக்கையும் 15 தடவையாவது. 75 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயருக்கு முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, பிறகு இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். 32 மி.மீ. டயர் என்றால் 55 அருகில். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம்மில் 72.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது. முதல் 100 கி.மீ. முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள்.

உயரமானவர்களின் பெரிய டைட்டானிய பிரேம்களில் இறக்கத்தில் ஒரு நடுக்கம் வருவதுண்டு. ஹேண்டில்பார் இடவலமாக வேகமாக உதறும். அப்போது பிடியை இறுக்கினால் நடுக்கம் கூடும். பிடியைத் தளர்த்தி, ஒரு முழங்காலை மேல்குழாயில் அழுத்தி, சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஹெட்செட் தளர்வு, சக்கர மையம், டயர் உட்கார்ந்த விதம் மூன்றையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால் மேல்குழாயும் கீழ்க்குழாயும் அந்த எடைக்கும் நீளத்துக்கும் மெல்லியவை என்று பொருள். அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. 60 செ.மீ. பிரேம் கட்டச் சொல்பவர் குழாய் விட்டத்தை முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

கடைசியாக, 'ஆயுளுக்கும் உழைக்கும்' என்ற சொல். குழாய் உழைக்கும், மூட்டு எப்படிப் பற்றவைக்கப்பட்டதோ அப்படி உழைக்கும். விரிசல் வரும் இடங்கள் தெரிந்தவையே: கீழ்க்குழாய் ஹெட் குழாயைச் சேரும் இடத்தின் அடிப்பக்கம், செயின் ஸ்டே பி.பி.யைச் சேரும் இடம், சீட் குழாய்ப் பிளவின் அடி, கேபிள் நுழையும் துளைகள், தண்ணீர் பாட்டில் தாங்கியின் மரைகள். கழுவும்போதெல்லாம் இந்த இடங்களை டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துடைத்த பின்னும் அதே இடத்தில் ஒரு கருங்கோடு திரும்பத் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். புதிதாகக் கிறீச்சொலி கேட்டால் முதலில் சீட் போஸ்ட், பிறகு பி.பி., பிறகு டிராப்அவுட் என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசையிட்டுப் பூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அடங்காத ஒலியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

விரிசல் கண்ட பிரேமை, கேட் அடிக்கும் பட்டறையிலோ கார் ஒட்டும் பட்டறையிலோ கொடுத்து 'ஒரு பொட்டு வைத்து' வாங்கிவிடாதீர்கள். உள்ளே ஆர்கான் ஓட்டாமல் வைக்கும் ஒவ்வொரு பொட்டும் பக்கத்திலிருக்கும் நல்ல உலோகத்தையும் கெடுக்கும். அதன் பிறகு குழாயையே மாற்றினாலொழிய வழியில்லை. டைட்டானியம் கட்டத் தெரிந்தவரிடமே அனுப்ப வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெயையும் பசையையும் முழுக்கச் சுத்தம்செய்த பிறகே அவர் தொடுவார். உத்தரவாதப் பத்திரத்தில் மூட்டு விரிசலுக்குப் பொறுப்பு உண்டா, பிரேமை வாங்கும் அடுத்தவருக்கும் அது செல்லுமா, பழுதுபார்க்க அனுப்பும் செலவு யாருடையது என்னும் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை இணைப்பிதழில் டைட்டானியம் சைக்கிள் இடம்பெற்றால், பளபளக்கும் முழுப் படத்தோடு மெருகேற்றும் முன் எடுத்த ஒரு மூட்டின் படத்தையும், பிரேமின் வரைபடத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிரேம் கட்டுவோரும் ஓட்டுவோருமான வாசகர்கள் சிலர்